முதல் தடவையாக இரண்டு முறை பார்த்த படம்

படம் முடிந்ததும் மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன், பத்து வருடப் பழக்கம். 2023-இல் ஒரு ராத்திரி 'லாவெந்தூரா' பார்த்து முடித்தேன். அந்தோனியோனி எடுத்தது, 1960-இல் வந்தது, 143 நிமிடம். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த படத்தை ஒருவழியாகப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு தடவை எவ்வளவு நேரம் பாக்கி என்று பார்த்ததும் உண்மை. முடிந்ததும் வழக்கம்போல எக்ஸெல் கோப்பைத் திறந்து, கடைசி வரிசைக்குக் கீழே போய், மனசுக்குள் ஐந்துக்கு இரண்டரை என்று முடிவு செய்துகொண்டு, பெயரை அடிக்க ஆரம்பித்தேன். 'லாவெ' வரைக்கும் வந்திருப்பேன். மீதி எழுத்துகளை அதுவே நிரப்பிக்கொண்டு நின்றது.

எக்ஸெல் புழங்குகிறவர்களுக்குத் தெரியும், அது சொந்தமாக யோசித்து எதையும் நிரப்பாது. அதே செங்குத்துப் பத்தியில் மேலே எங்கேயாவது அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால்தான் நிரப்பும். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தேடினேன். 63-ஆவது வரிசை. லாவெந்தூரா, 2014 மார்ச், மதிப்பெண் 4.5. குறிப்பு எழுத ஒரு பத்தி வைத்திருக்கிறேன், அதில் ஒரே ஒரு சொல் இருந்தது: மாஸ்டர்பீஸ்.

முதலில் வந்தது சிரிப்பு. கொஞ்சம் தாமதமாக, பயம் மாதிரி ஒன்று. படத்தின் பெயர் மறந்து போவது, முடிவு மறந்து போவது எல்லாம் யாருக்கும் நடக்கிறதுதான். ஒரு படத்தைப் பார்த்ததே மறந்து போய், மறுபடி அதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்து, நடுவில் ஒரு இடத்தில்கூட 'இதை எங்கேயோ' என்று தோன்றாமல் இருப்பது வேறு. கடைசிக் காட்சி மட்டும் பழகியதாக இருந்தது: பெஞ்சில் உட்கார்ந்து அழுகிற ஆண், பின்னால் நின்று அவன் தலையில் கை வைக்கிற பெண், ஒரு பக்கம் வெறும் சுவர், மறு பக்கம் தூரத்தில் எரிமலை. ஆனால் அதைப் புகைப்படமாகவே எத்தனையோ இடத்தில் பார்த்தாயிற்று, அது கணக்கில் சேராது. பிடிக்காத படத்தை மறந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது நாலரை வாங்கிய படம். நாலரை வாங்கிய படத்தை ஒருவன் சுத்தமாகத் துடைத்துப்போட்டாற்போல மறப்பானா, அல்லது அந்த நாலரை எதற்குக் கொடுத்ததோ?

போதாக்குறைக்குப் படத்தின் கதையே என்னைக் கேலி செய்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்னா என்ற பெண் ஒரு பாறைத் தீவில் காணாமல் போகிறாள், எல்லோரும் தேடுகிறார்கள், படம் பாதி போவதற்குள் அவளுடைய காதலனும் தோழியும் ஒருவர்மேல் ஒருவர் சாய ஆரம்பித்துவிடுகிறார்கள், அன்னாவை மெல்ல மெல்ல எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், படமும் விட்டுவிடுகிறது. அவள் என்ன ஆனாள் என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. 'இப்படிக்கூடவா ஒருத்தியை மறப்பார்கள்' என்று அன்றைக்கு நடுவில் எரிச்சல் பட்டேன். எரிச்சல் பட்டது யார் பாருங்கள்.

இந்தப் பழக்கம் 2013-இல் ஆரம்பித்தது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 1952-இலிருந்து பத்து வருடத்துக்கு ஒரு தடவை, தலைசிறந்த படங்கள் எவை என்று விமர்சகர்களிடம் எடுக்கிற வாக்கெடுப்பு தெரிந்ததுதான். 2012-இல் 'வெர்டிகோ' மேலே வந்து, 1962-இலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த 'சிட்டிசன் கேன்' இரண்டாம் இடத்துக்கு இறங்கியபோது கிளம்பிய சத்தத்தில் எனக்கும் ஆசை பிறந்தது. நூறு படம், ஒன்றரை வருடத்தில் முடித்துவிடுவது என்று திட்டம். இரண்டு விதி வைத்துக்கொண்டேன். பார்த்த பிறகுதான் பெயரைக் கோப்பில் ஏற்ற வேண்டும், பட்டியலை முன்கூட்டியே ஒட்டி வைத்துக்கொண்டு டிக் அடிக்கிற வேலை கூடாது. இன்னொன்று, மதிப்பெண்ணை அன்றைக்கே போட்டுவிட வேண்டும், ஐந்துக்கு, அரை அரையாக. வாரத்துக்கு நாலைந்து படம் ஓடியது. 2022 டிசம்பரில் புதுப் பட்டியல் வந்ததும் அதை அச்செடுத்து, பார்த்த படங்களை எல்லாம் நினைவிலிருந்தே டிக் அடித்தேன். கோப்பைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. டிக் விழாமல் நின்ற படங்களில் ஒன்று லாவெந்தூரா.

தேர்வு எழுதியது யார்

அன்றைக்கு ராத்திரி கோப்பை மேலிருந்து கீழே வரைக்கும் மேய்ந்தேன். முதல் ஒன்றரை வருடத்தில் பட்டியலிலிருந்து பார்த்த படங்களின் சராசரி 4.1. அதே காலத்தில் பட்டியலில் இல்லாமல் சும்மா பார்த்த படங்களின் சராசரி 2.8. சிறந்த படங்கள் என்று ஊரே சொல்கிற படங்களுக்கு அதிகம் விழுவதில் ஆச்சரியம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், சொல்லியும் பார்த்தேன். ஆனால் பட்டியல் படங்களில் மூன்றுக்குக் கீழே வாங்கியவை மொத்தமே மூன்று படம். நூற்றில் மூன்றுதான் எனக்குப் பிடிக்காமல் போயிற்று என்பதை என்னை அறிந்த யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு படம் பார்த்து நொந்தவர்கள் இருக்கிறார்கள்.

மதிப்பெண் போடுகிறவன் விடைத்தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் படங்களைப் பொறுத்தவரை தேர்வு எழுதியது நான். 21-ஆம் இடத்தில் இருக்கிற படத்துக்கு இரண்டரை போட்டால் தோற்றது படமா நானா என்ற பயம், அரை மதிப்பெண் அரை மதிப்பெண்ணாக மேலே தள்ளிவிட்டிருக்கிறது. அதிலும் தனியாக, யாருக்கும் காட்டாத கோப்பில். யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தப் பயம்?

ஒரு திருட்டு மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'சிட்டிசன் கேன்' பார்த்த அன்று மூன்றரை போட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதைப் பற்றிப் படித்தேன். கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் முன்னால் இருப்பவரும் வெகு தூரத்தில் இருப்பவரும் ஒரே கூர்மையில் தெரிவது, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து அண்ணாந்து எடுக்கத் தோதாகத் துணியிலேயே கூரை கட்டியது, கணவன் மனைவி கசந்து போவதை வெறும் காலைச் சாப்பாட்டு மேசைக் காட்சிகளாலேயே இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவது. எல்லாம் சரி, எல்லாம் பிரமாதம். படித்து முடித்ததும் கோப்பைத் திறந்து மூன்றரையை நாலரை ஆக்கினேன். படத்தை மறுபடி பார்க்கவில்லை. படித்தேன், அவ்வளவுதான். கூடிய அந்த ஒரு மதிப்பெண் எனக்கு வந்த கூச்சத்தின் விலை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்திலிருந்து இன்றைக்கு என்னிடம் மிச்சம் இருப்பதற்கும் இந்த மூன்றரை நாலரைக்கும் சம்பந்தமே இல்லை. பெர்ன்ஸ்டைன் என்ற கிழவர் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவார். 1896-இல் ஒரு நாள் படகில் போகும்போது எதிர்ப் படகில் வெள்ளை உடுப்பும் வெள்ளைக் குடையுமாக ஒரு பெண்ணைப் பார்த்ததாகச் சொல்வார். ஒரே விநாடிதான் பார்த்தது, அவள் இவரைப் பார்க்கக்கூட இல்லை, ஆனால் அதற்கப்புறம் அவளை நினைக்காத மாதம் இல்லை என்பார். அந்தப் பெண்ணைப் படத்தில் காட்டுவது கிடையாது, கிழவர் சொல்வதோடு சரி. பார்த்த அன்றைக்கு இந்த இடம் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. இப்போது படம் என்றால் எனக்கு அந்தக் குடைதான், காட்டாத குடை.

பத்துப் பெயர், மதிப்பெண் கிடையாது

இந்தக் குழப்பத்தில் உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் எந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் என்று மாரடித்தேனோ, அந்தப் பட்டியலில் மதிப்பெண் என்ற சங்கதியே கிடையாது. வாக்களிக்கிற ஒவ்வொருவரும் பத்துப் படத்தின் பெயரைக் கொடுக்கிறார்கள். அவற்றை வரிசைப்படுத்தக்கூட வேண்டியதில்லை, பத்துக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு, கூட்டிப் பார்த்தால் பட்டியல். யாரும் யாருக்கும் நாலரை போடவில்லை.

2012 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 846 பேர் வாக்களித்தார்கள். முதல் இடம் வந்த 'வெர்டிகோ'வுக்கு விழுந்தது 191. 'கேன்'னுக்கு 157. அப்படியென்றால் உலகத்தின் தலைசிறந்த படம் என்று அன்றைக்கு முடிசூட்டப்பட்ட படத்தைத் தங்கள் பத்தில் சேர்க்காதவர்கள் 655 பேர். முக்கால்வாசிக்கும் மேல்! அந்த 191 பேரிலும் எத்தனை பேருக்கு அது முதல் படம், எத்தனை பேருக்குப் பத்தாவது இடத்தை நிரப்ப வந்த படம் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, இத்தனைக்கும் விதிமுறை எல்லாம் வெளிப்படையாகவே இருக்கிறது. ஊரே ஒப்புக்கொண்ட படத்தை நான் மட்டும் குறைக்கிறேன் என்று பயந்தேனே, ஊர் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவே இல்லை. பார்வையாளர்கள் போடும் நட்சத்திரங்களைச் சராசரி எடுத்துச் செய்கிற பட்டியல்கள் வேறு ரகம், அதில் யாருக்கும் பெரிதாகக் குறை தோன்றாத படம் மேலே வரும். இதிலோ, மீதிப் பேர் தூங்கிவிட்டாலும் சரி, கொஞ்சம் பேர் உயிரைக் கொடுத்து நேசித்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. கிளாசிக் என்றால் காலத்தால் புடம்போடப்பட்டது என்று சொல்கிறோம் இல்லையா. 1952-இல் முதல் இடம் வந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' அப்போது நாலு வருடப் படம். லாவெந்தூரா 1960-இல் கான் விழாவில் திரையிட்டபோது கூட்டம் கேலி செய்து கத்தியது, மறுநாள் படைப்பாளிகளும் விமர்சகர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஆதரவு அறிக்கை விட்டார்கள், கடைசியில் ஜூரி பரிசும் கிடைத்தது. இரண்டே வருடத்தில், 1962 வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். அதாவது முந்தாநாள் வந்த படத்துக்குத் தைரியமாக வாக்களித்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பதற்குப் பட்டியல் எதுவும் இருக்கவில்லை. நான் 52 வருடம் கழித்து வந்து, அவர்கள் தைரியத்தை என் பவ்வியமாக மாற்றி 63-ஆவது வரிசையில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றரை மடங்கு வேகம்

2022 பட்டியலில் முதல் இடம் 'ஜீன் டீல்மன்'னுக்கு. 1975 படம், சான்டல் ஆகர்மேன் எடுத்தது, முந்தைய பட்டியலில் முதல் முப்பதுக்குள்கூட இல்லாத படம் ஒரே தாவாக மேலே வந்து உட்கார்ந்ததில் எழுந்த சண்டை இன்னும் ஓயவில்லை. இந்தத் தடவை வாக்களித்தவர்கள் 1,600-க்கும் மேல், முன்பு இருந்ததில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. புதிதாக வந்தவர்கள் வேறு பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பட்டியல் மாறிற்று. அதில் சதி என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் என் பங்குக்கு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். 201 நிமிடம், விதவையான ஓர் அம்மா வீட்டு வேலை செய்வதை அசையாத கேமராவில், வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ ஏறக்குறைய அவ்வளவு நேரமும் காட்டுகிற படம். முதல் முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினேன். ஆமாம். பாத்திரம் கழுவுவதை வேகப்படுத்திப் பார்த்தேன், அவள் பொம்மை மாதிரி விறுவிறுவென்று கையை ஆட்டினாள். முடித்துவிட்டு இரண்டு போட்டேன். ஒரு வாரம் அந்த இரண்டு உறுத்திக்கொண்டே இருந்தது. நேரத்தையே பொருளாக வைத்து எடுத்த படத்தில் நேரத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு மதிப்பெண் போட்டால் அது எந்தப் படத்துக்கு? வரிசையை அழித்தேன். கோப்பில் நான் அழித்த ஒரே வரிசை அதுதான்.

அப்புறம் அதை மூன்று சாயங்காலமாகப் பிரித்துப் பார்த்தேன். படம் நடப்பதே மூன்று நாளில், ஒரு சாயங்காலத்துக்கு ஒரு நாள். இதுவும் ஒருவகையில் ஏமாற்று வேலைதான், ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய படம் என்று அடிக்க வருவார்கள், வரட்டும். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மேல் வெந்துவிடுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. அந்த அம்மாவாக நடித்த டெல்பின் செய்ரிக் உருளைக்கிழங்குச் சட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அறைக்கு அறை போகிறார். முதல் நாள் முழுக்க எந்தப் பொருள் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே எடுத்தவர், விளக்கை அணைக்காமல் ஓர் அறையை விட்டு வெளியே வராதவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கொலை நடக்கிற படங்களில்கூட அப்படி ஆனதில்லை. முதல் நாளை முழுசாக உட்கார்ந்து பார்க்காதவனுக்கு இந்த உருளைக்கிழங்கு வெறும் உருளைக்கிழங்கு, ஒன்றரை மடங்கு வேகத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

அதற்கு என்ன மதிப்பெண் போட்டேன் என்று கேட்காதீர்கள். கட்டம் காலியாக இருக்கிறது. பெரிய கொள்கை முடிவு ஒன்றும் இல்லை, போட முயன்றேன், மூன்று தடவை எண் அடித்து மூன்று தடவையும் எடுத்துவிட்டேன்.

41 மாஸ்டர்பீஸ்

63-ஆவது வரிசைக்கு வருகிறேன். 'மாஸ்டர்பீஸ்' என்ற சொல்லைக் கோப்பு முழுக்கத் தேடினால் 41 இடத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு சோதனை செய்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, அந்தப் படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். புகைப்படமாகப் பார்த்தது, சுவரொட்டியில் வந்தது, யாராவது கட்டுரையில் எழுதியது செல்லாது. நானே பார்த்ததாக இருக்க வேண்டும். 17 படங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. சிலவற்றில் கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பதே சந்தேகம். 17 மாஸ்டர்பீஸ், ஒரு ஃபிரேம் மிச்சமில்லை.

சரி என்று எதிர்ப்பக்கமும் செய்து பார்த்தேன், மூன்றும் அதற்குக் கீழும் வாங்கியவை. 'டோக்கியோ ஸ்டோரி'க்கு மூன்று கொடுத்திருக்கிறேன், குறிப்பில் 'ரொம்ப மெதுவாகப் போகிறது' என்று எழுதி வைத்திருக்கிறேன், அதை இயக்கிய ஒஸுவின் படத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொன்ன முதல் ஆள் நான் என்ற தோரணையில். பெயரைப் படித்ததும் எதுவும் யோசிக்காமலே வந்து நின்றது ஒரு காட்சி. பிள்ளைகள் பெற்றோரைத் தொல்லை விட்டால் போதும் என்று ஓய்விடம் ஒன்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ராத்திரியெல்லாம் பக்கத்து அறைச் சத்தத்தில் தூக்கமில்லை. காலையில் கிழவனும் கிழவியும் கடலோரத் தடுப்புச் சுவரில் ஒரே மாதிரி உடுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பேசிக்கொண்டு எழுந்திருக்கும்போது அந்த அம்மாள் லேசாகத் தடுமாறி, கையை ஊன்றி, ஒன்றுமில்லை என்கிறாள். இரண்டு விநாடி. கேமரா கிட்டே போகாது, இசை எதையும் சொல்லாது. அவர் முன்னால் மெதுவாக நடந்து போவார், அவள் அவருக்குப் பின்னால் போவாள். பார்த்த அன்றைக்கு மூன்று போட்டவன் தலைக்குள் இது எந்த வழியாக நுழைந்தது, எங்கே தங்கியிருந்தது? நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டிருக்கிறது.

'பதேர் பாஞ்சாலி' கதை கொஞ்சம் வேறு. அதற்கு நாலரை, குறிப்பில் மழைக்காட்சி, ரயில் காட்சி என்று எல்லோரும் சொல்கிற இரண்டையும் நானும் எழுதியிருக்கிறேன். கண்ணை மூடினால் அந்த இரண்டும் வரவில்லை. அக்கா செத்துப்போன பிறகு, வீட்டைக் காலி செய்யும்போது, அவள் திருடவில்லை என்று சாதித்த அந்த மாலை மேல்தட்டிலிருந்து அப்புவின் கையில் கிடைக்கிறது. யாரும் பார்ப்பதற்குள் ஓடிப்போய்க் குளத்தில் வீசுகிறான். பாசி விலகி ஒரு ஓட்டை விழுகிறது, மெல்ல மெல்லக் கூடி மூடிக்கொள்கிறது. அந்தப் பாசி மூடுகிற வேகம் எனக்கு அப்படியே தெரியும், அவசரப்படாது. நானாகவே பார்த்ததை எழுதாமல் மழையை எழுதி வைத்த ஆளை என்ன செய்வது.

இதை எல்லாம் சொல்லி, மதிப்பெண் போடுவதே தப்பு என்று முடிக்கப்போகிறேன் என்று நினைத்தால், இல்லை. அப்படி எழுத ஆசையாகத்தான் இருந்தது, இரண்டு நாள் அந்த எண்ணத்தோடு திரிந்தேன். ஆனால் அந்த 4.5 இல்லாவிட்டால் நான் மறந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. எழுதி வைக்காத எத்தனை படம் இப்படித் தடயம் இல்லாமல் போயிற்றோ, அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, ஏனென்றால் போனதே தெரியாது. அதோடு, 2014 மார்ச்சில் உட்கார்ந்திருந்தவனைப் பொய்யன் என்று இப்போது எளிதாகச் சொல்லிவிட முடிகிறது, அவனால் பதில் சொல்ல முடியாது என்பதால். அந்த வாரம் அவன் வேறு நாலு படமும் பார்த்திருக்கிறான், 4, 4.5, 4, 4.5. களைத்துப்போய்ப் பாதி தூக்கத்தில் பார்த்திருக்கலாம், பட்டியலுக்குச் சலாம் போட்டிருக்கலாம். அல்லது அன்றைக்கு உண்மையிலேயே அந்தப் படம் அவனை உலுக்கியும் இருக்கலாம், அவன் வயதுக்கும் அன்றைய மனநிலைக்கும் அது பேசியிருக்கலாம், நான்தான் அதைத் தொலைத்துவிட்டு அவன்மேல் பழி போடுகிறேனோ என்னவோ. 143 நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தவன் அவன். எனக்குக் கோப்பில் ஒரு வரிசைதான் இருக்கிறது.

சில நாள் இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து மூன்றரை என்று வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். யாருமே போடாத மதிப்பெண் அது. விட்டுவிட்டேன். லாவெந்தூரா இப்போதும் இரண்டு வரிசையாகத்தான் இருக்கிறது, மேலே 4.5, கீழே 2.5.

மாற்றியது ஒன்றே ஒன்று. குறிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்தேன். படம் பார்த்து ஒரு மாதம் கழித்துத்தான் அதில் எழுத வேண்டும், என்ன மிச்சம் இருக்கிறதோ அதை மட்டும், ஒன்றும் இல்லையென்றால் காலியாக விட வேண்டும். பல கட்டங்கள் காலியாகவே கிடக்கின்றன, பெரிய பெரிய பெயர்கள் எல்லாம். லாவெந்தூராவுக்கும் ஒரு மாதம் ஆனதும் திறந்தேன், எதுவும் வராது என்றுதான் நினைத்தேன். தீவு வரவில்லை, தேடல் வரவில்லை, நான் எரிச்சல் பட்ட இடங்கள்கூட வரவில்லை. வந்தது வேறு. தோழியாக நடித்த மோனிகா விட்டியும் அன்னாவின் காதலனும் ஒரு தேவாலயத்துக் கூரைமேல் நிற்கிறார்கள், அவன் ஏதோ கல்யாணப் பேச்சு பேசுகிறான், அவள் தடுமாறி அங்கே தொங்கும் கயிற்றைப் பிடிக்க, மணி அடித்துவிடுகிறது. அவள் பயந்து, அப்புறம் சிரித்து, வேண்டுமென்றே இழுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஊரின் இன்னொரு பக்கத்திலிருந்து வேறொரு மணி பதிலுக்கு அடிக்கிறது. அவள் முகம் அப்படியே மலர்கிறது.

கீழ் வரிசையில் 'மணி, பதில் மணி' என்று எழுதினேன். மேலே 63-ஆவது வரிசையிலும் அதே கட்டம் இருக்கிறது, அதை நான் நிரப்பக் கூடாது என்று விட்டிருக்கிறேன்.